நகரத்துக்கு காலநிலை திட்டம் போடும்போது தெரு ஜனங்கள எப்படி உள்ள கொண்டு வர்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பூவரசு எழுதியது:

வணக்கம். ஒரு நடுத்தர மாநகராட்சில இருக்கேன், ஊர் பேர் வேண்டாம். எங்க நகர் குடியிருப்போர் நலச்சங்கத்துல ரெண்டு வருஷமா செயலாளர். போன மாசம் ஒரு லெட்டர் வந்துச்சு, நம்ம ஊருக்கு காலநிலை செயல் திட்டம் தயாராகுது, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சிருக்கோம், சங்கத்துல இருந்து ரெண்டு பேர் வாங்கன்னு. நெஜமாவே சந்தோஷப்பட்டேன், ஏன்னா ஒவ்வொரு ஐப்பசிக்கும் வாய்க்கால் தூர் வாரச் சொல்லி மனு குடுத்துக் குடுத்து ஓய்ஞ்சு போன ஆளு நான், இப்ப முப்பது வருஷம் தள்ளி யோசிக்கிறாங்கன்னா நல்ல விஷயம்தானே.

கூட்டம் செவ்வாய்க்கிழமை காலைல 11 மணி, ஒரு ஓட்டல் ஏசி ஹால்ல. அந்த நேரத்துக்கு யார் வர முடியும் சொல்லுங்க, எங்க ஏரியால இருந்து நானும் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சாரும்தான். மத்தபடி அதிகாரிங்க, ரெண்டு மூணு கல்லூரிப் பசங்க, தொழில் சங்கத்துல இருந்து சில பேர். ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ். பேசின கன்சல்டன்ட் தம்பி நல்ல பையன், கேட்டா பொறுமையா பதில் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா வெள்ள அபாய மேப்னு ஒண்ணு காட்டினாங்க பாருங்க, அதுல எங்க தெரு பச்சை, அபாயம் குறைவாம். எங்க வீட்டு கேட் தூண்ல மூணு வருஷம் முன்னாடி தண்ணி நின்ன மட்டத்தை நான் ஆணியால கீறி வச்சிருக்கேன், தரைல இருந்து 31 அங்குலம், அந்தக் கோடு இன்னும் இருக்கு. பைபாஸ் ரோட்டை உசத்திப் போட்டதுல இருந்து தண்ணி போக வழியில்லாம எங்க பக்கம் தேங்குது. எழுந்து சொன்னேன். ஃபார்ம்ல எழுதிக் குடுத்துடுங்க சார்னாங்க. ஃபார்ம்ல அஞ்சு கேள்வி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக் அடிக்கணும், எழுத இடம் ரெண்டு வரி. அப்புறம் சாப்பாடு போட்டாங்க, கூட்டம் முடிஞ்சுது.

வரைவு வர்றதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்குன்னு சொன்னாங்க. அதுக்குள்ள எங்களால என்ன பண்ண முடியும்? சங்கத்துல இருக்குறவங்களை மட்டும் சொல்லல, வாய்க்கால் ஓரம் இருக்குற 200 குடும்பம், கட்டட வேலைக்குப் போறவங்க, பூக்கட்டுறவங்க, இவங்க யாருமே எந்தச் சங்கத்துலயும் இல்ல, ஆனா தண்ணி முதல்ல அவங்க வீட்டுக்குத்தான் வருது. வேற ஊர்ல யாராவது பண்ணியிருந்தா தயவுசெஞ்சு விவரமா எழுதுங்க.


எண்ணூர்க்காரன்:

பூவரசு சார், மூணு மாசம் இருக்கும்போதே கேக்குறீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். சென்னைக்கு போட்ட திட்டத்தோட வரைவு 2022 செப்டம்பர்ல வெப்சைட்ல வந்தப்போ முதல்ல இங்கிலீஷ்ல மட்டும்தான் இருந்துச்சு, கருத்து சொல்ல ஒரு மாசம்கூட இல்ல. தமிழ்ல போடுங்கன்னு பல பக்கத்துல இருந்தும் குரல் வந்த பிறகுதான் தமிழ்ல வந்துச்சு, தேதியும் தள்ளிப் போச்சு. இறுதித் திட்டம் 2023 ஜூன்ல வெளியாச்சு, 2050க்குள்ள கார்பன் கணக்கை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும்கறது இலக்கு, அதாவது ஊர் விடுற கார்பனும் திரும்ப உறிஞ்சுறதும் சரிக்குச் சரி ஆகணும். அதனால முதல் வேலையா இப்பவே எழுதிக் குடுங்க, வரைவு வர்ற அன்னிக்கே தமிழ்லயும் வரணும், குறைஞ்சது 60 நாள் டைம் வேணும்னு. வந்த பிறகு கேட்டா பாதி நாள் கேக்குறதுலயே போயிடும்.

அந்த சென்னை திட்டத்துல ஒரு கணக்கு இருக்கு, கடல் மட்டம் உயர்றதால 2100க்குள்ள மாநகராட்சிப் பரப்புல 16 சதவீதம், அதாவது 67 சதுர கிலோமீட்டர், நிரந்தரமா தண்ணிக்குள்ள போகலாம்னு. எங்க அப்பாவுக்கு அந்த நம்பர் தெரியாது, ஆனா அவர் சின்னப் பையனா வலை உலர்த்தின இடம் இப்ப எங்க இருக்குன்னு கேட்டா கடலைப் பார்த்து கை நீட்டுவார். எந்த வருஷம் எந்தத் தெரு போச்சு, கல்லு கொட்டின பிறகு எந்தப் பக்கம் அரிப்பு அதிகமாச்சு, முகத்துவாரம் எப்ப அடைச்சுக்கும், எல்லாம் வரிசையா சொல்லுவார். இப்படி ஆளுங்ககிட்ட ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக் அடிங்கன்னு ஃபார்மை நீட்டினா என்ன கிடைக்கும்?

இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டு படிங்க. வரைவுல "இடமாற்றம்", "மறுகுடியமர்வு", "நீர்வழிப் பாதை மீட்பு" இந்த வார்த்தைங்க எங்க வருதுன்னு தேடுங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரைல இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போய் விட்டாங்க. வெள்ளத்துல இருந்து காப்பாத்தறோம்னு சொல்லித்தான். பெரும்பாக்கம் எங்க இருக்கு? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல, மழை பெஞ்சா அங்கயும் தண்ணி. பொம்பளைங்க வீட்டு வேலைக்குப் போன இடம் பழைய வீட்டுல இருந்து நடக்குற தூரம், இப்ப ரெண்டு பஸ் மாறணும், பசங்களுக்கு ஸ்கூல் போச்சு. நீங்க சொன்ன அந்த 200 குடும்பம் கூட்டத்துல உக்காராம போனா அவங்களைப் பத்தி அந்தத் திட்டத்துல வர்ற ஒரே வரி இதுவாத்தான் இருக்கும். அவங்களை முதல்ல கூப்பிடுங்க, சங்கத்துக்காரங்க அப்புறம் வரட்டும்.


வரைபடம்:

நான் நகரத் திட்டமிடல் துறைல வேலை பாக்குறவன், இந்த மாதிரி திட்டம் ரெண்டுல பின்னாடி இருந்து வேலை செஞ்சிருக்கேன், உள்ள எப்படி நடக்குதுன்னு சொல்றேன்.

திட்டத்துல ரெண்டு பாதி இருக்கும். ஒண்ணு, ஊர் எவ்வளவு புகை விடுதுங்கற கணக்கு. சென்னைக்கு 2018-19ல அது ஏறக்குறைய 1 கோடியே 44 லட்சம் டன், அதுல 70 சதவீதத்துக்கு மேல கட்டடங்களும் ஆலைகளும் செலவு பண்ற கரண்டு, எரிபொருள், மிச்சம் வண்டியும் குப்பையும். இது பெரும்பாலும் மின்வாரியம், போக்குவரத்து மாதிரி இடங்கள்ல இருந்து டேட்டா வாங்கி போடுறது, தெருவுல கேட்டு வர்றது கம்மி. ரெண்டாவது பாதிதான் வெள்ளம், வெயில், தண்ணிப் பஞ்சம் யாரை எங்க அடிக்குதுங்கறது. அங்கதான் நீங்க சொல்ற கேட் தூண் கோடு வருது.

உங்க தெரு ஏன் பச்சையாச்சுன்னு கேட்டீங்கன்னா, கையில காசு இல்லாத ஊருக்கு பெரும்பாலும் இலவசமா கிடைக்குற சாட்டிலைட் உயர அளவை வச்சுத்தான் மேப் போடுவாங்க. அதுல ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், உயரத்துல சில மீட்டர் முன்ன பின்ன இருக்கும். 31 அங்குலம்ங்கறது முக்கால் மீட்டர் சார், அந்த அளவுக்கு அது தெரியவே தெரியாது. பைபாஸ் உசந்தது, அதுக்கு அடியில கல்வெர்ட்டு அடைச்சிருக்கறது, இதெல்லாம் மேல இருந்து பார்த்தா படாது. அதனால மேப் போட்டவங்க மேல கோபப்படாம அந்த மேப்பை திருத்துற பொருளை நீங்களே குடுங்க.

எப்படின்னா, உங்க வார்டு மேப்பை பெருசா ஃப்ளெக்ஸ்ல அடிச்சுக்கோங்க, எட்டுக்கு ஆறு அடி போதும். ஸ்கூல், ரேஷன் கடை, முக்கியமான மரம், கோயில், டீக்கடை எல்லாம் தமிழ்ல பெருசா போட்டிருக்கணும், இல்லன்னா யாருக்கும் தன் வீடு எங்கன்னு பிடிபடாது. செவுத்துல மாட்டாதீங்க, தரைல விரிங்க. செவுத்துல மாட்டினா ஒருத்தர் நின்னு பேசுவார் மத்தவங்க கேப்பாங்க, தரைல விரிச்சா பாட்டிங்க அதுமேலயே உக்காந்துடுவாங்க. ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட் வாங்கி வச்சுக்கோங்க, சேப்பு பொட்டு முழங்காலுக்கு மேல தண்ணி நின்ன இடம், கறுப்பு பொட்டு ராத்திரில சூடு தாங்க முடியாத வீடு, பச்சை பொட்டு வெயிலுக்கு ஒதுங்குற நிழல். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் ஒட்டுவாங்க. அப்புறம் சேப்பு பொட்டு உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் போய் செவுத்துல தண்ணிக் கறை இருந்தா டேப் வச்சு அளந்து, டேப்போட சேர்த்து போட்டோ, எந்த மழை, எத்தனை நாள் நின்னுச்சு, போன்ல லொகேஷன். இந்த மாதிரி 40 இடம் கொண்டு வந்தீங்கன்னா எந்த கன்சல்டன்ட்டும் தள்ள மாட்டார், எங்களுக்கு அது தங்கம் சார், நாங்க காசு குடுத்தாலும் கிடைக்காது.

அதை சும்மா கையில குடுக்காதீங்க. நம்ம மாநிலத்துல வார்டு குழு, பகுதி சபைக்கு (வார்டை சின்னச் சின்னப் பகுதியா பிரிச்சு அங்க இருக்குற வாக்காளர்கள் கூடுற சபை) விதி இருக்கு, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல பகுதி சபை கூட்டம் நடத்த ஆரம்பிச்சாங்க. உங்க பகுதி சபைல தீர்மானமா போட்டு பதிவேட்டுல ஏத்துங்க, அந்த நகலோட கமிஷனருக்கு மனு, கையோட ஒப்புகைச் சீட்டு வாங்கிடுங்க. வெறும் கருத்துன்னா ஃபைலுக்குள்ள போய் தூங்கிடும், சபைத் தீர்மானம்னா அதுக்கு ஒரு நம்பரும் தேதியும் இருக்கும்.


சிமெண்ட்ஷீட்டு:

எல்லாரும் தண்ணியைப் பத்தியே பேசுறீங்க அண்ணே, வெயிலைப் பத்தி நான் சொல்றேன். நான் மகளிர் குழு தலைவி, எங்க தெரு முழுக்க சிமெண்ட் ஷீட்டு வீடுதான். சித்திரை வைகாசில ராத்திரி 10 மணிக்கு உள்ள போனா தலைக்கு மேல இரும்புச் சட்டியை கவுத்து வச்ச மாதிரி இருக்கும். எங்க குழுப் பொண்ணு ஒருத்தி வேலை பாக்குற மெடிக்கல்ல இருந்து செவுத்துல மாட்டுற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கியாந்தா, என் வீட்டுல மாட்டி தினம் ராத்திரி 10 மணிக்கு குழு நோட்டுலயே கடைசிப் பக்கத்துல எழுதிக்கிட்டு வந்தோம், 36க்கு கீழ இறங்கின நாளே இல்ல, வெளியில திண்ணைல காத்து வரும், ஆனா பொம்பளப் புள்ளைங்களை திண்ணைல படுக்க வைக்க முடியுமா? தூங்காம காலைல 5 மணிக்கு எந்திரிச்சு தண்ணி புடிக்கணும், அப்புறம் வேலைக்கு ஓடணும். இதெல்லாம் எந்த மீட்டிங்லயும் யாரும் கேட்டதில்ல, டிவில சொல்ற டிகிரி பகல் டிகிரி, எங்களுக்கு கஷ்டம் ராத்திரிதான்.

பூவரசு அண்ணே, 11 மணிக்கு கூட்டம் வச்சா நாங்க ஒருத்தரும் வர மாட்டோம். வந்தா அன்னிக்கு சம்பளம் போச்சு. ராத்திரி 7 மணிக்கு மேல, எங்க தெருவுலயே, லைட்டு கம்பத்துக்கு கீழ வைங்க. குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாம்னு முன்னாடியே சொல்லுங்க. முதல் வரிசைல கட்சி ஆளுங்களையும் சங்கத்துப் பெரியவங்களையும் உக்கார வச்சுட்டா பின்னாடி பொம்பளைங்க வாயே திறக்க மாட்டாங்க, இது சத்தியம். பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு நாள் வைங்க, எங்க மாதிரி குழு உங்க ஏரியாலயும் கண்டிப்பா இருக்கும், அவங்களோட மாசக் கூட்டத்துலயே அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கோங்க. நீங்க புதுசா ஒரு கூட்டத்தைக் கூட்டறதை விட ஏற்கனவே கூடுற இடத்துக்கு நீங்க போங்க.


வரைபடம்:

அக்கா, அந்த நோட்டை பத்திரமா வைங்க, நெஜமா சொல்றேன். அகமதாபாத்ல 2010 மே மாச வெயில்ல வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலா செத்தாங்க, அதுக்கு அப்புறம்தான் 2013ல அந்த ஊர் வெயில் செயல் திட்டம் போட்டுச்சு, 2017ல ஏழைங்க வீட்டு மேற்கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறதும் அதுல சேர்ந்துச்சு. உங்க நோட்டு மாதிரி கணக்கு இருந்தா "சிமெண்ட் ஷீட்டு வீடு இத்தனை, இத்தனைக்கு வெள்ளை அடிக்கணும், இந்த வருஷ பட்ஜெட்ல இவ்வளவு"ன்னு கேக்கலாம். சும்மா "வெப்பத் தணிப்பு நடவடிக்கை எடுக்கப்படும்"னு எழுதிட்டு போறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.


வார்டு17:

எல்லாம் சரி, ஆனா எனக்கு நம்பிக்கை வரல, மன்னிச்சுக்கோங்க. 2016ல இருந்து 2022 வரைக்கும் நம்ம மாநகராட்சிகள்ல கவுன்சிலரே கிடையாது, யார்கிட்ட போய் நிக்கறதுன்னே தெரியாம அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. இப்ப சபை, தீர்மானம்னு சொல்றீங்க, நான் போட்ட மூணு மனுவுக்கு "நடவடிக்கையில் உள்ளது"ன்னு மெசேஜ் வந்ததோட சரி. ஜனங்களைக் கூட்டி உக்கார வச்சு பொட்டு ஒட்டச் சொல்லிட்டு கடைசில ஒண்ணும் நடக்கலன்னா அடுத்த தடவை கூப்பிட்டா யாரு வருவா? அந்தப் பயம்தான் எனக்கு.


லாச்சப்பல்:

வார்டு17 அண்ணை கேட்டதுக்கு நான் ஒண்டு சொல்லலாம். நான் பாரிசுக்குப் பக்கத்தில இருக்கிறன். இஞ்ச நகரத்துக்கு இல்லை, முழு நாட்டுக்கே காலநிலைக்கெண்டு ஒரு மக்கள் அவை கூட்டினவை. 2019 ஒக்டோபர்ல 150 பேரைக் குலுக்கல் முறையில தெரிவு செய்து, 16 வயசுப் பிள்ளையில இருந்து பென்சன் எடுத்த ஆக்கள் வரைக்கும், கிராமத்து ஆக்கள், படிப்பில்லாத ஆக்கள் எல்லாம் சேத்து, வார இறுதியில கூப்பிட்டு இருத்தி, விஞ்ஞானிகளைக் கொண்டு வந்து விளங்கப்படுத்தினவை. வந்த நாளுக்குக் காசு குடுத்தவை, பிள்ளை பாக்கிற செலவும் குடுத்தவை. அந்த அக்கா சொன்ன சம்பளப் பிரச்சினைக்கு அதுதான் மறுமொழி, ஆக்களின்ர நேரத்துக்குக் காசு குடுக்க வேணும், இது நான் மனசார நம்பிற விசயம். 2020 ஜூன்ல அவை 149 முன்மொழிவு குடுத்தவை. ஜனாதிபதி மக்ரோன் மூண்டை மட்டும் வேண்டாமெண்டிட்டு மிச்சத்தை ஏற்கிறன் எண்டார். பிறகு சட்டமா வரேக்க கனக்க நீர்த்துப் போச்சு.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பிறகு நடந்தது. 2021 பெப்ரவரியில அந்த ஆக்கள் திரும்பவும் கூடி, தங்கட முன்மொழிவை அரசாங்கம் எப்பிடி எடுத்துக்கொண்டதெண்டு பத்துக்குப் புள்ளி போட்டவை. 3.3 தான் குடுத்தவை. அது பேப்பர் எல்லாத்திலயும் வந்தது. எனக்கு அதுதான் மனசில நிண்டது. கூட்டி விட்டிட்டு கலைச்சு விடாமல், ஒரு வருசம் கழிச்சு அதே ஆக்களை அதே இடத்தில கூட்டி கணக்குக் கேக்க வேணும். அந்தத் தேதியை முதல் கூட்டத்திலயே எழுதி வையுங்கோ.


எண்ணூர்க்காரன்:

வார்டு17 அண்ணே, உங்க பயம் நியாயமானதுதான். ஆனா எங்க பக்கம் ஒண்ணு பார்த்தேன். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோட ஆலைல இருந்து கசிஞ்ச எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்க படிஞ்சப்போ, படகுல போய் மக்குலயும் வாளிலயும் அள்ளினது எங்க ஆளுங்கதான், கையெல்லாம் கறுப்பு, ஒரு வாரம் போகல. அந்தத் தண்ணில எங்க இறால் வளரும், எங்க மட்டி வளரும்னு தெரிஞ்சவங்க அவங்க மட்டும்தான், நஷ்டக் கணக்கு எழுதும்போது அவங்க சொன்னதுதான் ஆதாரம். 2025ல கொடுங்கையூர்ல குப்பையை எரிக்கிற ஆலை வேண்டாம்னு குடியிருப்புச் சங்கங்கள் சேர்ந்து மனிதச் சங்கிலி நின்னாங்க. முடிவு எதுவா இருந்தாலும் சரி, வட சென்னைல இப்ப "கருத்துக் கேட்பு"ன்னா என்னன்னு தெரியாத ஆளு கம்மி. ஒரு தடவை நடக்கலன்னா அடுத்த தடவை வர மாட்டாங்கன்னு நினைக்காதீங்க, என்ன ஆச்சுன்னு ஒளிக்காம திரும்ப வந்து சொன்னீங்கன்னா வருவாங்க. சொல்லாம விட்டாத்தான் வர மாட்டாங்க.


பூவரசு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் வந்தேன். முந்தாநாள் ஞாயித்துக்கிழமை ராத்திரி 7 மணிக்கு வாய்க்கால் ஓரம், மாரியம்மன் கோயில் முன்னாடி சிமெண்ட் தரைல ஃப்ளெக்ஸை விரிச்சோம். சங்கத்துக்காரங்க நாலு பேர்தான் போனோம், நாங்க பேசல, தண்ணி எடுத்துக் குடுக்குற வேலை மட்டும். முதல் அரை மணி நேரம் ஒருத்தரும் பொட்டு எடுக்கல, ஹெட்மாஸ்டர் சாருக்கே முகம் வாடிப் போச்சு. அப்புறம் ஒரு பாட்டி, 80 வயசு இருக்கும், மேப்பு மேலயே நடந்து போய் பைபாஸ் பக்கத்துல உக்காந்து விரலால ஒரு கோடு இழுத்தாங்க. "இது ரோடு இல்லப்பா, இதுதான் வாய்க்கா, நான் கல்யாணமாகி வந்தப்போ இங்கதான் துணி துவைச்சேன்"னாங்க. மேப்ல அங்க ரோடுதான் இருக்கு. பக்கத்துல இருந்த மேஸ்திரி ஒருத்தர், ஆமா, ரோடு போடும்போது நான்தான் வேலை பார்த்தேன், குழாய் ஒண்ணு போட்டோம், அதுமேல இப்ப கடை கட்டிட்டாங்கன்னு சொல்ல, அதுக்கப்புறம் பொட்டு பாக்கெட் பத்தல, பொம்பளைங்க நெத்தில இருந்தே எடுத்து ஒட்டினாங்க. கணக்கு பார்த்தப்போ சேப்பு 63, கறுப்பு 48. அந்தக் குழாய் வாய் எங்க இருக்குன்னு நேத்து காலைல மேஸ்திரி கூட்டிட்டு போய் காட்டினார், பாதிக்கு மேல மண்ணு, டேப் வச்சு போட்டோ எடுத்தாச்சு.

மகளிர் குழு ரெண்டு இருக்கு எங்க பக்கம், அவங்க மாசக் கூட்டம் வர்ற வெள்ளிக்கிழமை, அரை மணி நேரம் குடுத்திருக்காங்க. தெர்மாமீட்டர் நாலு வாங்கியாச்சு. கணக்குக் கேக்குற தேதியும் ஃப்ளெக்ஸ் ஓரத்துல மார்க்கர்ல எழுதிட்டோம், அடுத்த வருஷம் இதே மாசம் ரெண்டாவது ஞாயிறு, எல்லாரும் கையெழுத்து போட்டாங்க, பாட்டி கைநாட்டு.

ஒரு உதவி மட்டும். வரைவு தமிழ்ல வேணும், 60 நாள் வேணும்னு கமிஷனருக்கு எழுதுற மனு மாதிரி யார்கிட்டயாவது இருந்தா இங்க போடுங்க. வரைபடம் தம்பி, பகுதி சபைத் தீர்மானத்துல மேப்பை இணைப்பா சேர்க்கணும்னா எத்தனை நகல் வைக்கணும்னும் சொல்லுங்க, திங்கக்கிழமை போய் குடுத்துடலாம்னு இருக்கேன்.